மடிக்கணினியின் கரகரப்பு: குற்றம் யார் மேல்?

பாகூர்ப் பக்கத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். வாசலைத் தாண்டினால் நெல் வயல். மாலை நாலு மணி. பட்டப் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடும் பெண் ஒருத்தி கூடத்து மேஜையின் முன் உட்கார்ந்திருக்கிறாள். எதிரே ஒரு பழைய மடிக்கணினி. சென்னையில் உள்ள கம்பெனியார் அவளைப் பேட்டி காண்கிறார்கள். பஸ் ஏற வேண்டியதில்லை. பட்டணம் போக வேண்டியதில்லை. கேள்வியும் கணினியிலேயே வரும். பதிலும் கணினியிலேயே போகும்.

கேள்வி வந்தது. பெண் பதில் சொன்னாள். நன்றாகவே சொன்னாள். ஆனால் மறுமுனையிலிருந்து வந்த வார்த்தை வேறு.

"அங்கே மில் ஏதாவது ஓடுகிறதா? ஒரே இரைச்சலாக இருக்கிறது. நீங்கள் சொல்வது விளங்கவில்லையே!"

மில்லும் ஓடவில்லை; பம்பு செட்டும் ஓடவில்லை. இரைச்சல் கணினிக்குள்ளிருந்தே கிளம்புகிறது. பேட்டி முடிந்ததும் பெண் கணினியை மூடினாள்.

"அப்பா, இது இனி ஆகாது. வேறேதான் வாங்க வேண்டும்."

அப்பா வயலைப் பார்த்தார். அறுவடைக்கு இன்னும் நாள் இருக்கிறது.

இந்தப் பெண் கற்பனைதான். இந்த இரைச்சல் கற்பனையல்ல. வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் மட்டுமின்றி, பழைய மடிக்கணினி உள்ள எந்த ஊரிலும் கேட்கக்கூடியதே. அப்படிப்பட்ட கணினிகள் நம் பக்கத்தில் ஏராளம். தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 15-ந் தேதி விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அதன் பிறகு லட்சக்கணக்கான மாணவர்கள் கைக்குக் கணினி வந்தது. புதுச்சேரி அரசும் மாணவர்களுக்கு மடிக்கணினி வழங்கியிருக்கிறது. பாகூர் கொம்யூன் கிராமங்களும் கடலூர் மாவட்டத்துக் கிராமங்களும் வரப்புக்கு வரப்பு ஒட்டியவை. உறவுகளுக்கு எல்லைக் கோடு கிடையாது. அக்காள் படித்த கணினி தம்பிக்கு வரும். மாமன் வீட்டுக் கணினி மருமகளுக்கு வரும். 2020-ல் ஊரடங்கு வந்து பள்ளிக்கூடமே வீட்டுக்குள் புகுந்தபோது, மூலையில் கிடந்தவையும் தூசி தட்டப்பட்டு மேஜை ஏறின.

பார்ப்பதற்குத் திரை நன்றாயிருக்கும். எழுத்துப் பலகையும் வேலை செய்யும். குரல் மட்டும் கரகரக்கும். உடனே "போர்டு போய்விட்டது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அவசரம் வேண்டாம். இரைச்சலுக்கு ஒரே வீடு அல்ல. பல வீடுகள் உண்டு. அது எந்த வீட்டில் குடியிருக்கிறது என்று கண்டுபிடித்தால், பெரும்பாலும் காசில்லாமலோ, சில நூறு ரூபாயிலோ காரியம் முடிந்துவிடும். அவற்றுள் ஒரு வீடு கணினிக்கு வெளியே இருக்கிறது. அதைக் கண்டுபிடிப்பது காதுக்கு மட்டுமல்ல, உயிருக்கே நல்லது.

இரைச்சல் எங்கே பிறக்கிறது?

மைக்கின் முன் நாம் பேசுகிறோம். மைக் அதைச் சிறு மின் அசைவாக மாற்றுகிறது. அந்த அசைவு மிகமிகச் சிறியது. சில மில்லி வோல்ட்டுகளே இருக்கும். ஆயிரம் மில்லி வோல்ட் சேர்ந்தால்தான் ஒரு வோல்ட். கணினிக்குச் சார்ஜர் கொடுப்பதோ, பெரும்பாலான மடிக்கணினிகளில் 19 வோல்ட் சுமாருக்கு இருக்கும். கணினியின் மூளையாகிய பிராசசருக்கு வேண்டியது ஒரு வோல்ட் அளவுதான். ஆகவே உள்ளே இருக்கும் சிறு சாதனங்கள் அந்த 19 வோல்ட்டை விநாடிக்கு லட்சக்கணக்கான தடவை வெட்டி வெட்டிக் குறைத்துக் கொடுக்கின்றன.

இவ்வளவு அமர்க்களமும் உள்ளங்கை அகலப் பலகையில் நடக்கிறது. அதே பலகையில் ஓர் ஓரத்தில், நகத்தளவு சில்லு ஒன்று உட்கார்ந்துகொண்டு நம் குரலை எண்களாக மாற்றுகிறது. அதற்குக் கோடெக் என்று பெயர். நெல் அரைக்கும் மில்லுக்குள் உட்கார்ந்து ஒருவர் ரகசியம் பேசுவது போன்ற நிலை அது. எண்களாக மாறிய பின் குரலுக்கு அவ்வளவு பயமில்லை. மாறுவதற்கு முன்னும், எண்கள் மறுபடி ஒலியாக மாறிய பின்னும்தான் ஆபத்து. அந்த இடைவெளியில் பக்கத்துச் சந்தடி எல்லாம் உள்ளே புகுந்துவிடும்.

திரையில் பக்கத்தை மேலும் கீழும் நகர்த்தும்போது காதில் "கிர்ர், சிர்ர்" என்று கேட்டால் இதுதான் சங்கதி. பிராசசர் வேலை கூடக் குறைய, இரைச்சலின் சுருதியும் மாறும்.

வீட்டில் பழைய மத்திய அலை ரேடியோ இருந்தால் ஒரு வேடிக்கை பார்க்கலாம். நிலையம் எதுவும் எடுக்காத இடத்தில் முள்ளை வைத்து, ரேடியோவை மடிக்கணினியின் அருகே கொண்டுபோக வேண்டும். "புர்ர்" என்று அலறும். விலக்கினால் அடங்கும். கண்ணுக்குத் தெரியாத சந்தடியைக் காதால் கேட்கலாம்.

முதல் சோதனை

கரகரப்பு வரும்போது முதலில் செய்ய வேண்டியது, சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பாட்டரியில் ஓட்டிப் பார்ப்பது. இதற்குக் காலணா செலவில்லை. இரைச்சல் நின்றுவிட்டதா? குற்றம் கோடெக்கின் மேல் அல்ல. வெளியிலிருந்து மின்சாரம் வரும் வழியில் இருக்கிறது.

அப்படியானால் இரண்டு சந்தேகங்கள். ஒன்று, சார்ஜர். கம்பெனிச் சார்ஜர் கெட்டுப்போய், மலிவாகக் கிடைத்த வேறொன்றை வாங்கிப் போட்டிருப்பார்கள். மின்சாரத்தைச் சுத்தமாக்கும் உறுப்புகள் மட்டமாக இருந்தால் இரைச்சல் உள்ளே வரத்தான் செய்யும். நண்பரிடம் நல்ல சார்ஜர் இருந்தால் மாற்றிப் பார்க்கலாம். ஆனால் ஜாக்கிரதை! வோல்ட் அளவு இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும்; முனையும் ஒன்றாகப் பொருந்த வேண்டும்; ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது.

பாட்டரி செத்துப்போன கணினியானால் கழற்றிப் பார்க்க வழியில்லை. அதே கணினியையும் சார்ஜரையும் வேறோர் இடத்துக்கு, ஒயரிங் புதிதாகச் செய்த வீட்டுக்கோ கடைக்கோ எடுத்துப்போய் ஓட்டிப் பார்க்கலாம். அங்கே இரைச்சல் இல்லையென்றால், இரண்டாவது சந்தேகம் உறுதியாகிறது. அதுதான் முக்கியமான விஷயம்.

தாத்தாவுக்குத் தெரிந்த பூமிக் கம்பி

பழைய வால்வு ரேடியோப் பெட்டியின் பின்புறம் இரண்டு இணைப்புகள் இருக்கும். ஒன்று ஏரியல், மற்றொன்று எர்த். ஓர் இரும்புக் குழாயைப் பூமியில் அடித்து, அதிலிருந்து கம்பி இழுத்து ரேடியோவில் மாட்டுவார்கள். மண் காய்ந்துவிட்டால் குழாயடியில் நாலு குவளை தண்ணீர் ஊற்றுவார்கள். கரகரப்புக் குறையும். அந்த வயதுப் பெரியவர்கள் வீட்டில் இருந்தால் இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

அந்தப் பாடம் மடிக்கணினிக்கும் பொருந்தும். பெரிய சார்ஜர்கள் பலவற்றில் மூன்று ஊசிப் பிளக் இருக்கிறது. மேலே உள்ள பருத்த ஊசிதான் எர்த். அது மற்ற இரண்டையும் விட நீளமாக இருப்பதற்கும் காரணம் உண்டு. செருகும்போது முதலில் தொடுவதும் அதுவே. பிடுங்கும்போது கடைசியில் விடுவதும் அதுவே.

சார்ஜருக்குள் இரைச்சலை வடிகட்டும் கண்டன்சர்கள் உண்டு. வடிகட்டிய சிறு மின்சாரத்தை அவை எர்த் வழியாகப் பூமிக்கு அனுப்ப வேண்டும். எர்த் இல்லையென்றால் அது எங்கே போகும்? கணினியின் உலோகப் பகுதியிலேயே தங்கி நிற்கும். மைக் வழியிலும் ஹெட்போன் வழியிலும் கலந்து "ம்ம்ம்" என்று ரீங்காரம் செய்யும். நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 தடவை திசை மாறி மாறி ஓடுவது. ஆகவே ரீங்காரமும் 50, 100 என்ற அதே கணக்கில் தாழ்ந்த சுருதியில் கேட்கும். உலோக விளிம்பில் கை பட்டால் சில சமயம் ஜிவ்வென்று இழுக்கும். கை பட்டதும் ரீங்காரம் மாறும்.

அந்த ஜிவ்வென்ற கசிவு மிகச் சிறியது. பொதுவாக அதனால் தீங்கு நேர்வதில்லை. இரண்டு ஊசிச் சார்ஜர்களில் எர்த்தே கிடையாது. அவற்றில் இலேசாக இது தோன்றுவது இயல்பு. ஆனால் மூன்று ஊசிச் சார்ஜரில் இப்படி இருந்தால் அதை அலட்சியம் செய்யக் கூடாது. அது சொல்லும் சேதி என்ன? "இந்தச் சுவரில் எர்த் இல்லை" என்பதுதான். கணினிக்கு இல்லாத எர்த், அதே ஒயரிங்கில் ஓடும் பிரிட்ஜுக்கும் இல்லை, கிரைண்டருக்கும் இல்லை, தண்ணீர் மோட்டாருக்கும் இல்லை. அவற்றுக்குள் ஒரு கம்பி உரிந்து உடம்பில் பட்டுவிட்டால், ஈரக் கையுடன் தொடுகிறவர் கதி என்ன? கணினியின் ரீங்காரம் அபாயத்தை முன்கூட்டிச் சொல்லும் மணி.

எர்த் எப்படி இல்லாமற் போகிறது? பல வழிகள். மூன்று ஊசிப் பிளக் நுழையவில்லை என்று இரண்டு ஊசி மாற்றி வாங்கிப் போடுவது ஒன்று. பருத்த ஊசியை ஒடித்துவிடுவது மற்றொன்று. பிளக் பெட்டிக்குள் எர்த் கம்பியே இழுக்காமல் விட்டிருப்பதும் உண்டு. எல்லாம் சரியாக இருந்தும், வீட்டுக்கு வெளியே எர்த் குழி காய்ந்து போயிருக்கலாம். கரியும் உப்பும் போட்டுக் குழாய் புதைத்த குழி, கோடையில் ஈரம் இழந்தால் மின்சாரத்தை உள்ளே வாங்காது. குழாயின் தலையில் புனல் வைத்திருப்பது தண்ணீர் ஊற்றுவதற்காகத்தான்.

தண்ணீர் ஊற்றுவது வீட்டார் வேலை. சோதிப்பது லைசென்ஸ் உள்ள ஒயர்மேன் வேலை. பிளக் பெட்டியைத் தாமே திறந்து பார்ப்பது கூடாது. ஒயர்மேன் வரும்போதே, மின்சாரம் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலும் தானே அணைந்துவிடும் பிரேக்கர் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லிவிடலாம்.

மேடையில் வரும் ரீங்காரம்

இதற்கு நேர் எதிரான நோயும் ஒன்று உண்டு. வில்லியனூரில் தேர்த் திருவிழா, கிராமத்தில் பள்ளி ஆண்டு விழா, கலியாண வீடு ஆகிய இடங்களில் மடிக்கணினியிலிருந்து பாட்டை எடுத்து ஆம்பிளிபயரில் விடுவார்கள். இணைத்த மாத்திரத்தில் ஒலிபெருக்கிகள் எல்லாம் "ம்ம்ம்" என்று முழங்கும். இங்கே எர்த் இல்லாமல் அல்ல. இரண்டு இடத்தில் இரண்டு எர்த் இருப்பதால் வந்த வினை. கணினி ஒரு பிளக்கில், ஆம்பிளிபயர் தூரத்தில் வேறொரு பிளக்கில். இரண்டு எர்த்துக்கும் இடையே உள்ள சிறு வித்தியாசம், பாட்டு வரும் கம்பி வழியாகவே ஓடிச் சுற்றுகிறது.

சிலர் உடனே கணினிப் பிளக்கின் எர்த் ஊசியைக் கழற்றிவிடுகிறார்கள். முழக்கம் நிற்கும், பாதுகாப்பும் நின்றுவிடும். இது ஒருபோதும் செய்யத்தக்கதல்ல. இரண்டையும் ஒரே பிளக் பலகையில் மாட்டினாலே போதும். அல்லது பாட்டு ஓடும் வரை கணினியைப் பாட்டரியில் விடலாம். அதற்கும் வழியில்லை என்றால், ஒலிக் கம்பியின் நடுவே மாட்டும் சிறு டிரான்ஸ்பார்மர் பெட்டி கிடைக்கிறது. ஒலி அதன் வழியே கடந்துபோகும். சுற்றும் மின்சாரம் தாண்டாது.

மைக்கும் வாயும்

சார்ஜரைக் கழற்றியும் இரைச்சல் நிற்கவில்லையா? அடுத்தது மைக்.

மடிக்கணினியின் மைக், திரையின் மேலேயோ எழுத்துப் பலகையின் ஓரத்திலோ இருக்கிறது. பேசுகிறவர் இரண்டடி தள்ளி உட்காருகிறார். மின்விசிறியோ மைக்குக்கு அருகிலேயே சுழல்கிறது. பழைய கணினியில் விசிறியின் வழியெல்லாம் தூசி அடைத்துச் சூடு ஏறும். சூடு ஏற விசிறி வேகமெடுக்கும். மெத்தை மேலும் தலையணை மேலும் வைத்தால் காற்று வழியே அடைபட்டுப் போகும். மரப் பலகை மேல் வைப்பதும், விசிறியைத் தூசி தட்டுவதும் பாதி இரைச்சலைக் குறைக்கும்.

இன்னொரு காரணம் கணினியின் ஒலி அமைப்பில் இருக்கும் மைக் பூஸ்ட் என்ற திருகு. குரல் மெதுவாகக் கேட்கிறது என்று யாரோ அதை முழுவதும் ஏற்றி வைத்திருப்பார்கள். 20 டெசிபல் ஏற்றினால் பத்து மடங்கு. 30 டெசிபல் ஏற்றினால் முப்பது மடங்குக்குச் சற்று மேல். குரல் மட்டுமா பெருகும்? விசிறியும் பல்லியும் தெருநாயும் முப்பது மடங்கு பெருகும். ஆகவே பூஸ்ட்டைக் குறைத்து, மைக்கை வாய்க்கு அருகில் கொண்டுவருவதே முறை. 60 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து 15 சென்டிமீட்டருக்கு வந்தால், குரலின் அழுத்தம் நாலு மடங்கு ஆகிவிடும். விசிறி இருந்த இடத்திலேயே இருக்கும்.

செல்போன் ஹெட்செட்டை அப்படியே செருகினால் ஆயிற்று என்று நினைக்கக்கூடும். பழைய மடிக்கணினிகள் பலவற்றில் காதுக்கு ஒரு துளை, மைக்குக்கு ஒரு துளை என்று தனித்தனியே இருக்கும். செல்போன் ஹெட்செட்டின் ஊசியில் நாலு வளையம். பழைய துளையில் மூன்றுக்குத்தான் இடம். மைக் வேலை செய்யாது. ஒலியும் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் கேட்கும். ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் சிறு கம்பி கடையில் கிடைக்கிறது.

பட்டன் செல்போனைக் கணினியின் பக்கத்தில் வைத்திருந்தால் "டர்ர் டர்ர்" என்று வருவது தனி ரகம். பழைய 2ஜி போன் விநாடிக்கு 217 தடவை அலையை விட்டுவிட்டு அனுப்புவதால் எழும் சப்தம் அது. போனை நாலடி தள்ளி வைப்பதே வைத்தியம்.

துளையும் தகடும்

பேசுவது சரியாகப் போகிறது. கேட்பதுதான் கரகரக்கிறது என்றால் ஹெட்போன் மாட்டிப் பார்க்க வேண்டும். ஹெட்போனில் சுத்தமாக இருந்தால் குற்றம் ஒலிபெருக்கியின் மேல். நாணயத்தளவு உள்ள அதன் தகட்டில் தூசி படிந்திருக்கும், கிழிந்திருக்கும், அல்லது பக்கத்து ஸ்குரூ தளர்ந்து அதிரும். தவில் முழங்கும் இடத்தில் மட்டும் அதிர்ந்தால், ஒலி அமைப்பில் தாழ்ந்த சுருதியைக் குறைத்துவிட்டால் போதும். நூறுக்கு மேல் ஒலியை ஏற்றும் வசதி சில மென்பொருள்களில் உண்டு. அதைத் தொடாதிருப்பது நல்லது. தாங்காத சுமையை ஏற்றினால் உச்சிகள் வெட்டுப்பட்டுக் கரகரப்பாகவே வெளிவரும்.

ஹெட்போனை அசைத்தால் கரகரப்பு வந்து வந்து போகிறதா? துளைக்குள் அழுக்கு. கடற்காற்று வீசும் ஊர்களில் உப்பும் ஈரமும் உலோகத்தை எளிதில் பிடிக்கும். கணினியை அணைத்துவிட்டு, ஊசியைப் பத்துத் தடவை செருகித் திருகி எடுத்தால் பெரும்பாலும் சரியாகும். பாட்டு ஆரம்பிக்கும்போதும் முடியும்போதும் மட்டும் "டொப்" என்று கேட்டால், அது நோயே அல்ல. மின்சாரத்தை மிச்சப்படுத்த ஒலிச் சில்லு தூங்கி விழிக்கிறது. அந்தச் சிக்கன ஏற்பாட்டை அமைப்பில் நிறுத்திவிடலாம்.

கடைசி வைத்தியம்

இத்தனையும் செய்து பார்த்த பின்னும் "சிர்ர்" நிற்கவில்லை என்றால், குற்றம் பலகையில்தான். அப்போதும் பலகையை மாற்ற வேண்டுவதில்லை. மில்லுக்குள் ரகசியம் பேச முடியாது. வெளியே வந்து பேசலாம் அல்லவா?

யு.எஸ்.பி. ஒலி அடாப்டர் என்று விரல் நீளத்தில் ஒரு சாதனம் கிடைக்கிறது. விலை சில நூறு ரூபாய். அதற்குள்ளேயே தனிக் கோடெக் இருக்கிறது. குரல் கணினியின் சந்தடிக்கு வெளியிலேயே எண்ணாக மாறி, எண்ணாகவே உள்ளே போகும். யு.எஸ்.பி. ஒலிச் சாதனங்களுக்கான பொது விதி 1998-லேயே வகுக்கப்பட்டுவிட்டது. ஆகவே பழைய விண்டோஸ் ஆனாலும், தமிழ்நாட்டு இலவசக் கணினிகளில் வந்த பாஸ் லினக்ஸ் ஆனாலும் செருகினாலே பெரும்பாலும் தெரிந்துகொள்ளும். தனி டிரைவர் வேண்டுவதில்லை. ஒலி அமைப்பில் அதைத் தேர்ந்தெடுக்க மட்டும் மறக்கக் கூடாது.

ஆனால் ஒன்று. எர்த் இல்லாத ரீங்காரத்தை இந்தச் சாதனம் எப்போதும் தீர்த்துவிடாது. அதனால்தான் சுவரை முதலிலும் கடையைக் கடைசியிலும் பார்க்க வேண்டும் என்பது. புளூடூத் ஹெட்போனும் உபயோகப்படும். ஆனால் பழைய கணினியில் மைக்கையும் சேர்த்துப் பயன்படுத்தினால் குரலின் தரம் தாழும். இரைச்சலைத் தானே அழிக்கும் மென்பொருள்களும் இருக்கின்றன. அவை பிராசசருக்கு வேலை கூட்டும், சூடு ஏறும், விசிறி இன்னும் வேகமாகச் சுழலும்!

பாகூருக்குக் கல்வி நேற்று வந்ததல்ல. 9-ம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், பாகூரில் இருந்த வித்தியாஸ்தானத்துக்கு 3 கிராமங்கள் மானியமாக விடப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடு சொல்கிறது. ஆசிரியர் சொல்ல, மாணாக்கர் கேட்டுப் படித்த காலம் அது. இன்றும் எங்கோ இருப்பவர் சொல்ல, இங்கே இருப்பவர் கேட்டுப் படிக்கிறார். இடையே உள்ள வழி மட்டும் தெளிவாக இருக்க வேண்டும்.

கூடத்து மேஜையில் மூடிக் கிடக்கும் அந்தக் கணினியை மறுபடி திறக்கலாம். அப்பா அறுவடை வரை காத்திருக்க வேண்டியதில்லை. முதலில் சார்ஜரைக் கழற்றிப் பார்க்கட்டும். ரீங்காரம் நின்றால் ஒயர்மேனுக்குச் சொல்லி அனுப்பட்டும். எர்த் குழிக்கு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றட்டும். அடுத்த பேட்டியில் பெண்ணின் குரல் தெளிவாகக் கேட்கும். பின்கட்டில் ஈரக் கையோடு மோட்டார் போடப் போகும் அம்மாவுக்கும் அது காவலாக நிற்கும்.